பூனை கக்குகிறதா, இருமுகிறதா? வயிறும் மூச்சும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் எங்கள் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் பதினைந்து வருடமாகப் பூனைகள் வளர்கின்றன. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், ஓசூர் வரைக்கும் யாராவது போன் செய்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நான் மருத்துவர் இல்லை. கால்நடை மருத்துவர்களின் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், சில பூனைகளைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே இருக்கிறது. மருந்தின் அளவு எதையும் எழுதவில்லை. அது பூனையை எடைபோட்டுப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியது.

அண்ணா, எங்க பூனை கழுத்தை நீட்டிக்கிட்டு ‘ஹக் ஹக்’னு கக்கப் பார்க்குது. ஒண்ணும் வெளியே வரல. முடி அடைச்சிருக்கா?

எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான். முதலில் அது வாந்தியா இருமலா என்று பிரிக்க வேண்டும்.

வாந்தி என்றால் முன்னதாகவே பூனைக்குக் குமட்டும். இடம் மாறி மாறி உட்காரும், உதட்டை நக்கும், எச்சிலை விழுங்கும், அடித்தொண்டையில் ஒரு மாதிரி கத்தும். அப்புறம் வயிறு உள்ளே போய் வெளியே வரும். விலாவுக்குப் பின்னால் கை வைத்தால் அந்த இழுப்பு கையிலேயே தெரியும். கடைசியில் சோறோ, நுரையோ, மஞ்சள் தண்ணீரோ, முடியோ ஏதாவது விழும்.

இருமலில் பூனை நாலு காலையும் மடக்கித் தரையோடு பதுங்கும். தோள் மேலே எழும்பும், கழுத்து முன்னால் நீளும், தலை தாழும். சத்தம் நெஞ்சிலிருந்து வரும், சில சமயம் முடிவில் விசில் மாதிரி ஒரு இழுப்பும் இருக்கும். முடிந்ததும் எதையோ விழுங்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து போய்விடும். தரையில் எதுவும் இருக்காது.

எங்கள் செவலைக்கு இப்படித்தான் இருந்தது. முடிதான் என்று முடிவு கட்டி மூன்று மாதம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு தடவை வாயில் எண்ணெய் வேறு ஊற்றினேன். மூச்சுத் தொந்தரவு இருக்கிற பூனைக்கு வாயில் எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கி வேறொரு வியாதியைக் கொண்டுவந்துவிடும் என்று அப்போது தெரியாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், மூச்சுக்குழாய்ச் சுவர்கள் தடித்திருப்பதைக் காட்டி, இது பூனைக்கு வரும் ஆஸ்துமா, நம் ஊரில் இளைப்பு என்போமே அதுதான் என்றார். மருந்து ஆரம்பித்த பத்து நாளில் அந்தச் சத்தம் நின்றது. அந்த மூன்று மாதமும் அது மூச்சுக்குத் தவித்ததை நான் முடி என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, அந்தச் சத்தம் வரும்போது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். மருத்துவமனை மேசையில் பூனை இருமிக் காட்டாது. வாயால் நாம் விவரிப்பதைவிட அரை நிமிட வீடியோ மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

அப்போ முடி உருண்டை எப்போது சாதாரணம்?

பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன. நக்கும்போது ஒட்டிய முடியைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். பெரும்பாலும் அது மலத்தோடு போய்விடும். எப்போதாவது ஒரு முறை விரல் தடிமனில் முடிச்சுருள் ஒன்றைக் கக்கினால் பயப்பட வேண்டாம். பெர்ஷியன் போல நீள முடிப் பூனைக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். தினமும் சீப்பால் வாரிவிடுவதுதான் நல்ல மருந்து. வாரத்துக்கு ஒன்று என்று ஆனால், ஏன் இத்தனை நக்குகிறது என்று பாருங்கள். தெள்ளுப்பூச்சியோ தோல் அரிப்போ இருக்கலாம். குடலிலேயே கோளாறு இருக்கவும் வாய்ப்பு உண்டு.

சாப்பிட்ட உடனே அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. அதுவும் வாந்திதானா?

வயிற்றை எக்காமல், குனிந்ததும் மெல்லாத சோறு குழாய் வடிவில் விழுந்தால் அது எதுக்களிப்பு. அவசரமாக விழுங்கும் பூனைக்கு இது வரும், குறிப்பாக இரண்டு மூன்று பூனைகள் ஒரே தட்டில் சாப்பிடும் வீட்டில். தட்டைப் பிரித்துவையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அப்படியும் தொடர்ந்தால் உணவுக்குழாயைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எத்தனை முறை வாந்தி எடுத்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்?

ஒரு தடவை கக்கிவிட்டு, பழையபடி விளையாடி, பசிக்கிறது என்று காலைச் சுற்றி வந்தால் அன்றைக்குக் கவனித்தால் போதும். ஒரே நாளில் மூன்று நான்கு தடவை, குடித்த தண்ணீரும் தங்கவில்லை, இரத்தம் கலந்திருக்கிறது, மூலையில் போய் ஒடுங்கிக் கிடக்கிறது, வயிற்றைத் தொட்டால் சீறுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால் அரை நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அதன் உடம்பில் இருக்கும் தண்ணீரே கொஞ்சம்தான்.

பிடரித் தோலை லேசாகத் தூக்கிவிட்டுப் பாருங்கள். உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி அப்படியே நின்றால் நீர் வற்றிவிட்டது. ஈறும் வழுவழுப்பாக இருக்க வேண்டும், விரலில் ஒட்டினால் அதுவும் அதே அடையாளம்தான்.

மூச்சு சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

நன்றாகத் தூங்கும்போது எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தூங்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப 30-க்கு மேல் போனால் அன்றே மருத்துவரைக் கேளுங்கள், 40 தாண்டினால் கிளம்பிவிடுங்கள். ‘குர் குர்’ என்று உறுமிக்கொண்டிருக்கும்போதும், ஓடி விளையாடிவிட்டு வந்ததும் எண்ணாதீர்கள், கணக்கு ஏறிவிடும்.

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு வாரம் எண்ணி நாட்காட்டித் தாளில் எழுதிவையுங்கள். எங்கள் வீட்டுப் பூனைகளுக்கு 18, 22, 24 என்று ஆளுக்கொரு எண் இருக்கிறது. அது தெரிந்திருந்தால்தான் மாறும்போது கண்ணில் படும்.

வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்குகிறது. சித்திரை வெயிலால் இருக்குமோ?

நாய்க்கு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்குவது இயல்பு. பூனைக்கு அது இயல்பு இல்லை. நிழலிலும் ஓய்விலும் இருக்கும் பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது அவசரம், அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. இளைப்பாக இருக்கலாம், நெஞ்சுக்கூட்டில் நீரோ சீழோ சேர்ந்திருக்கலாம், இதய நோயாக இருக்கலாம். இதய நோய் உள்ள பூனை பெரும்பாலும் இருமுவதே இல்லை, மூச்சு மட்டும் வேகமாகும். திடீரென்று பின்னங்கால் இரண்டும் விழுந்து, பாதம் சில்லிட்டுப்போய்க் கத்தினால், இதயத்தில் உண்டான இரத்தக்கட்டி காலுக்குப் போகும் குழாயை அடைத்திருக்கக்கூடும்.

அந்த நேரத்தில் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மல்லாக்கப் போட்டுத் தடவாதீர்கள். சுற்றி நாலு பேர் நிற்காதீர்கள். காற்றோட்டமான கூடையிலோ ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியிலோ அதன் இஷ்டப்படி உட்காரவிட்டுக் கிளம்புங்கள். ஈறும் நாக்கும் நீலமாகவோ வெளுத்தோ இருந்தால் போகும்போதே மருத்துவருக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள், ஆக்சிஜன் தயாராக வைத்திருப்பார்கள்.

வெயிலாலும் வரும்தான். தகரக் கூரைக்கு அடியிலும், பூட்டிய காருக்குள்ளும் அகப்பட்ட பூனைகளைப் பார்த்திருக்கிறேன். ஈரத்துணியால் உடம்பையும் பாதத்தையும் துடைத்து, மின்விசிறி போட்டு, அப்புறம் மருத்துவமனைக்கே போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டாம்.

தும்முகிறது, கண்ணில் பீளை, மூக்கு ஒழுகுகிறது, சாப்பாட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சளிதானே, தானாகப் போய்விடுமா?

மார்கழி, தையில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து இந்தக் கேள்வி அதிகம் வரும். பெரும்பாலும் இது பூனைச் சளிக்காய்ச்சல். ஹெர்பிஸ் வைரஸும் கேலிசி வைரஸும்தான் முக்கியக் காரணம். குளிர் நேரடிக் காரணம் இல்லை. ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் பூனையின் நரம்பில் ஆயுசுக்கும் ஒளிந்திருக்கும். வீடு மாறினாலோ, புதுப் பூனை வந்தாலோ, குளிரில் வாடினாலோ மறுபடி தலைதூக்கும். கேலிசி வந்தால் நாக்கில் புண் வரும், எச்சில் ஒழுகும்.

பெரிய பூனைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடலாம். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பூனை வாசனை பிடித்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்தால் சாப்பாடு அதற்கு வெறும் மண். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் கொஞ்சம் கொழுத்த பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே செயலிழக்கும். மூச்சில் ஆரம்பித்தது வயிற்றில் வந்து முடிவது இப்படித்தான். பெரிய பூனை 24 மணி நேரம் எதுவும் தொடவில்லை என்றாலே மருத்துவரிடம் பேசுங்கள்.

வீட்டில் செய்யக் கூடியது இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணையும் மூக்கையும் துடைத்துவிடுங்கள், கண்ணுக்குக் கண் பஞ்சை மாற்றுங்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் பூனையோடு பத்து நிமிடம் உட்காருங்கள். தைலம், யூகலிப்டஸ் எண்ணெய், கற்பூரம் எதுவும் அதில் போடக் கூடாது, பூனைக்கு அவை நஞ்சு. வேகவைத்த மீனையோ கோழியையோ உப்பு, மஞ்சள், வெங்காயம் இல்லாமல் மசித்து, கை பொறுக்கும் சூட்டில் மூக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆறினால் வாசனை போய்விடும், மறுபடி சுடவையுங்கள். ஒரு பூனை மூன்று நாளுக்குப் பிறகு என் விரல் நுனியில் இருந்த கெண்டை மீனை நக்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காய்ச்சல் அடிக்குது. வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா?

வேண்டாம். பாராசிட்டமாலைப் பிரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும், கால் துண்டும் ஆபத்துதான். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பேறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. பூனையின் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 பாரன்ஹீட் வரை. கையில் சுடுவதெல்லாம் காய்ச்சல் இல்லை.

பால் ஊற்றினால் பேதியாகிறது. பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாதா?

பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. தண்ணீர் போதும். அப்படியே, களியும் சாம்பாரும் பிசைந்து வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். களியால் கெடுதல் இல்லை, சாம்பாரில் உள்ள வெங்காயமும் பூண்டும்தான் பூனையின் இரத்த அணுக்களை உடைக்கும். பூனை கறி தின்னும் பிராணி, கொஞ்சமாவது மீனோ கோழியோ முட்டையோ அதற்கு வேண்டும். சாப்பாட்டை மாற்றுவதென்றால் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதில் புதியதைக் கலந்து கலந்து மாற்றுங்கள்.

குட்டிக்கு நாற்றமடிக்கும் பேதி. தண்ணீர்த் தட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் குடிக்கவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். பூனைப் பார்வோ வைரஸ் தாக்கிய குட்டி இப்படித்தான் உட்காரும். தாகம் இருக்கும், குடிக்க முடியாது. வாந்தி, பேதி, சில சமயம் இரத்தம், அப்புறம் உடம்பு சில்லிட்டுவிடும். வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்துவிடும். குளுக்கோஸ் ஏற்றி, சூடாக வைத்து, நோய்க்கிருமிக்கு மருந்து போட்டால் பிழைக்கும் குட்டிகளும் உண்டு. வீட்டு வைத்தியத்தில் பிழைக்காது.

இந்த வைரஸ் வீட்டுத் தரையில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சாதாரண பினாயிலுக்கு அசையாது, பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சும்கூட. சோப்புப் போட்டுக் கழுவிய தரையில், ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள், காய்ந்த பிறகு பூனைகளை விடுங்கள். துணியையும் அட்டைப்பெட்டியையும் எரித்துவிடுங்கள்.

தடுப்பூசி இருக்கிறது. பார்வோ, ஹெர்பிஸ், கேலிசி மூன்றுக்கும் ஒரே ஊசி. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். நாய்க்கு மட்டும்தான் ஊசி என்று நினைத்துக் கைவிடப்பட்ட குட்டிகள் எத்தனையோ. வெறிநோய் ஊசி தனி, அதையும் மூன்று மாதத்தில் போட்டுவிடுங்கள்.

தோட்டத்துக்குப் போய்வந்த பூனை எச்சில் ஒழுக நடுங்குகிறது. வாந்தியும் எடுக்கிறது, மூச்சும் திணறுகிறது.

வயிறும் மூச்சும் ஒரே நேரத்தில் கெட்டால் நம் பக்கத்தில் முதலில் நஞ்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். கிருஷ்ணகிரியில் மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். தக்காளிக்கும் அடிப்பார்கள். பூனை இலையிலும் புல்லிலும் உரசிவிட்டு வந்து, உட்கார்ந்து உடம்பை நக்கும். நக்கும்போது மருந்து உள்ளே போய்விடும். எச்சில், கண்ணீர், வாந்தி, பேதி, ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு எல்லாம் சேர்ந்தால் அது பெரும்பாலும் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து. கையுறை போட்டுக்கொண்டு, பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால் கழுவவும் நிற்காதீர்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடவே கூடாது. மருந்து டப்பாவையோ அதன் படத்தையோ கையோடு கொண்டுபோங்கள், மாற்று மருந்து அதைப் பொறுத்தது.

எலி மருந்தும் அப்படித்தான். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால், சில வகைகளில் சில நாள் கழித்து நெஞ்சுக்குள் இரத்தம் கசிந்து மூச்சு வாங்கும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவுவதும் வேண்டாம், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் வலிப்பு வந்துவிடும். நச்சுப் பாம்பு கடித்தாலும் தள்ளாட்டம், எச்சில், மூச்சு மேலோட்டமாவது என்றுதான் தொடங்கும். முகத்திலும் முன்னங்காலிலும் பல் தடம் இருக்கிறதா பாருங்கள். நேரத்தை மட்டும் வீணாக்காதீர்கள்.

பூக்கட்டும் நூலை விழுங்கிவிட்டது. வாயிலிருந்து தொங்குவதை இழுக்கலாமா?

இழுக்கவே கூடாது. ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கி மறுமுனை குடலுக்குள் போயிருந்தால், இழுக்கும்போது நூல் கத்தி மாதிரி குடலை அறுத்துவிடும். ஆசனவாயில் தொங்கினாலும் அதேதான். அப்படியே மருத்துவரிடம் போங்கள். பூக்கட்டிப் பிழைக்கும் வீடுகளில் நூற்கண்டையும் ஊசியையும் மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள் அக்கா, அது ஒன்று போதும்.

மலத்தில் அரிசி மாதிரி ஊர்கிறது.

நாடாப்புழுத் துண்டுகள். பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி வழியாக வரும், அதனால் புழுவுக்கும் தெள்ளுக்கும் சேர்த்தே மருந்து வேண்டும். நூடுல்ஸ் மாதிரி நீளமாக இருந்தால் உருண்டைப்புழு, தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். வயிறு மட்டும் பானை மாதிரி உப்பிய குட்டிக்கு அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆண் பூனை, மலச்சிக்கல். மணல் தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருக்கிறது.

அது மலமா மூத்திரமா என்று பார்த்தீர்களா? ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் அடைத்தாலும் இதே மாதிரிதான் முக்கும், கத்தும், வாந்தி எடுக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். 12 மணி நேரமாக மணலில் ஈரமே இல்லை என்றால், இரவானாலும் போங்கள்.

சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் எல்லாம் பூனையைப் பாதிக்குமா?

இளைப்பு உள்ள பூனையை நிச்சயம் பாதிக்கும். செவலைக்கு வெள்ளிக்கிழமை மாலைதான் அதிகம் வந்தது. பூஜைக்குப் புகை போடும் நேரம் என்பது அப்புறம்தான் புரிந்தது. இப்போது அந்த நேரத்தில் பூனைகளை மொட்டை மாடி அறையில் விட்டுவிடுகிறோம். விறகடுப்புப் புகை, கேழ்வரகு தூற்றும் தூசி, பொடியாகப் பறக்கும் பூனை மணல், எல்லாமே கணக்கில் சேரும்.

வீட்டில் மாசமான பெண் இருக்கிறாள். பூனையைக் கொடுத்துவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. பூனையின் சளி வைரஸ்களும் பார்வோவும் மனிதருக்கு வராது. கவனிக்க வேண்டியது மலத்தின் வழியாக வரும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. அது வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் தொற்றும். மணல் தட்டை தினமும் வேறு யாராவது சுத்தம் செய்துவிடுங்கள். மாசமான பெண் தோட்ட மண்ணைத் தொட்டால் கை கழுவட்டும், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ யாராக இருந்தாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே கொண்டு போவது? மாட்டாஸ்பத்திரியில் பூனையைப் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனையில் பூனைக்கும் வைத்தியம் உண்டு, தயங்காமல் போங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், ஆக்சிஜன் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பெரிய சோதனை வேண்டுமென்றால் தர்மபுரிக்காரர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு பக்கம், ஹெப்பாளில் கல்லூரி இருக்கிறது.

ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதிக்கொண்டு போங்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது மலம் மூத்திரம் போனது, தூக்கத்தில் மூச்சு எத்தனை, நீங்கள் என்ன கொடுத்தீர்கள். வாந்தியையும் மலத்தையும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், ஹாரன் சத்தத்தில் பிறாண்டிவிட்டு ஓடிவிடும். மூடியுள்ள கூடையில் அது தினமும் படுக்கும் பழைய துணியைப் போட்டு, மேலே மெல்லிய ஈரிழைத் துண்டை மூடுங்கள். மூச்சு வாங்கும் பூனை என்றால் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி ஆடும்போது செவலை கூடையின் இடுக்கில் மூக்கை வைக்கும். நான் ஒரு விரலை அங்கே வைத்துக்கொண்டே போவேன், அதன் மூச்சு விரலில் பட்டுக்கொண்டே வரும்.